வேணாம் தருமன்

முள்ளிப்பட்டு
22-1-1982

மாமாவுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கிறோம். நான் கோபமாகவும் இருக்கிறேன். எல்லோரும் என்றால் நானும் அத்தையும்தான். அத்தைக்குக் கோபம் இல்லை.

பொங்கலுக்கு நீங்கள் பக்கத்து வீட்டு வீரபாகு அண்ணனிடம் கொடுத்தனுப்பிய டிரான்சிஸ்டர் வந்து சேர்ந்தது. தறி மேல் மாட்டி வைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டே நெய்தேன். துள்ளல் பாட்டு வந்தால் கால் தானாக வேகம் பிடிக்கிறது. சோகப் பாட்டு வந்தால் சேலையும் நகர மாட்டேன் என்கிறது. இரண்டு நாள் ஆனந்தமாகப் போயிற்று.

மூன்றாம் நாள் உங்கள் கடிதம் வந்தது. "டிப்ஸ் சேர்த்து வாங்கினேன்" என்று எழுதியிருந்தீர்கள். டிப்ஸ் என்றால் பஞ்சப்படி மாதிரி சம்பளத்தோடு கொடுக்கிற ஏதோ ஒன்று என்று நினைத்து, தெருவில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். வீரபாகு அண்ணன்தான் சிரித்தார். "அது இனாம், ரேணுகா. இங்கிலீஷ்ல சொன்னா கொஞ்சம் கவுரவமா இருக்குது, அவ்ளோதான்" என்றார்.

முதலாளி ஒரு தறிக்குத்தான் வேலை தருகிறார், ஒரு தறியில் இரண்டு பேர் உட்கார முடியாது என்று நீங்கள் மீனம்பாக்கத்துக்கு வேலைக்குப் போனீர்கள். கல்யாணமாகி மூன்றே மாதம். அப்போதும் நான் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. விமானத்தடியில் மூட்டை தூக்கினாலும் கௌரவம்தான் என்று இருந்தேன். ஏறுகிறவர்களிடமும் இறங்குகிறவர்களிடமும் இனாம் வாங்குகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது.

டிரான்சிஸ்டரைத் துணி சுற்றிப் பரண் மேல் வைத்துவிட்டேன். நான் கடைக்குப் போகிற நேரம் அத்தை அதை இறக்கிச் செய்தி கேட்கிறார் என்று சந்தேகம்.

ரேணுகாம்பாள்

*

பழவந்தாங்கல்
29-1-1982

கோபக்கார ரேணுகாவுக்கு,

நீ எழுதியதைப் படித்து ஒரு வேளைச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் வேளை இறங்கிவிட்டது. இங்கே செய்கிற வேலை அப்படி.

என் வேலை என்ன என்று நான் உனக்கு ஒழுங்காகச் சொல்லவே இல்லை. மூட்டை தூக்குவது முதல் மாதத்தோடு முடிந்தது. இப்போது சக்கர நாற்காலி. வயதானவர்கள், கால் முடியாதவர்கள், ஆபரேஷன் ஆனவர்கள் எல்லோரையும் வாசலில் உட்காரவைத்து விமானம் வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். விமானத்தடியில் ஏணிப்படி. அதில் நானும் கூட வேலை செய்கிற சுப்பராயலுவும் நாற்காலியோடு ஆளைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். கீழ்ப்படியில் நிற்கிறவனுக்குத்தான் பாரம் அதிகம். நான் உயரம் என்பதால் கீழ்ப்படி எனக்கு.

நாற்காலியைப் பார்த்ததும் பாதிப் பேருக்கு அவமானம். "நான் இன்னா நொண்டியா?" என்று ஓர் அம்மா சண்டைக்கு வந்தார்கள். "நாற்காலி எப்படியும் காலியாத்தாம்மா போகுது. நீங்க உக்காந்தா அதுக்கும் ஒரு மரியாதை" என்றேன். சிரித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

போன வாரம் பினாங்கு திரும்புகிற பெரியவர் ஒருவர். தம்பி வீட்டைப் பார்க்க வந்தவர். தள்ளிக்கொண்டு போகும்போது, "இனிமே வரமாட்டேன்பா, இதான் கடைசி" என்று அழுதார். நடுவெயிலில் நாற்காலியை நிறுத்தி, என் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டேன். மேலே ஏற்றி உட்காரவைத்ததும் என் சட்டைப் பையில் எதையோ செருகினார். அதை வாங்கும்போது எனக்குக் கேவலமாகத் தோன்றவில்லை, ரேணுகா.

எல்லோரும் கொடுக்கிறார்கள் என்று நினைக்காதே. ஒருவர் பர்ஸைத் திறந்தார், உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார், மூடிவிட்டு "காட் ப்ளெஸ் யூ" என்று சொல்லிப் போய்விட்டார். "இன்னா சொன்னாரு?" என்று சுப்பராயலு கேட்டான். "கடவுள் குடுப்பாராம்" என்றேன். "அப்ப அவர்கிட்டயும் பாதி எனக்கு" என்றான்.

பரணிலிருந்து அதை இறக்கு. சித்திரைப் பிறப்புக்கு உன்னைக் கூட்டிவர இங்கேயே ஓர் அறை பார்த்திருக்கிறேன். அம்மா சந்தவாசலில் தேவகி அக்கா வீட்டில் இருந்துகொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். மழைக்கு ஒழுகாது என்று வீட்டுக்காரர் சத்தியம் செய்கிறார். மழைக்காலம் வராமல் அதை நம்புவதற்கில்லை.

தருமன்

*

முள்ளிப்பட்டு
4-2-1982

மாமாவுக்கு,

பெரியவரின் முகத்தைத் துடைத்தீர்கள். நல்ல காரியம். படித்தபோது எனக்கும் கண் கலங்கியது. ஆனால் தள்ளுவதற்குத்தான் சம்பளம் இருக்கிறதே. முகம் துடைத்ததற்கா அந்தக் காசு? அப்படியானால் அடுத்த ஆள் அழுதால், முதலில் உங்கள் கண் அவர் முகத்துக்குப் போகுமா, சட்டைப் பைக்குப் போகுமா? இதை யோசித்துத்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் ஐந்தாவது படிக்கும்போது அப்பா ஆரணியில் ஒரு முதலாளிக்கு நெய்தார். கூலி வாரா வாரம் வரும். அது போக, தீபாவளிக்கு முந்தின நாள் நெசவுக்காரர்கள் எல்லோரும் பிள்ளைகுட்டிகளோடு அந்த வீட்டு வாசலில் வரிசை நிற்க வேண்டும். பிள்ளைகளை முன்னால் நிறுத்தச் சொல்வார்கள். வெயில் ஏறின பிறகு அவர் வெளியே வருவார். ஒரு துண்டு, கொஞ்சம் சில்லறை. "ஐயா நல்லா இருக்கணும்னு சத்தமாச் சொல்லு" என்பார் கணக்கப்பிள்ளை. அப்பா மெல்லச் சொன்னார். "இன்னா, சாப்பிடலியா? சத்தமா!" என்றார்கள். அப்பா கத்தினார். எங்கள் அப்பா அப்படிக் கத்தி அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் கேட்டதில்லை.

அந்தத் துண்டை அம்மா அடுப்படியில் கரித்துணி ஆக்கினார். இனாம் வாங்குகிற கையைப் பிடித்துக்கொண்டு வாழ மாட்டேன் என்று அன்றைக்கே எனக்குள் விழுந்துவிட்டது.

உங்களுக்குப் பெயர் தருமன். தருமம் வாங்குகிறவருக்கு வைக்கிற பெயர் அல்ல அது. நீங்கள் இதை விட்டால் சித்திரைக்கு வருகிறேன். விடாவிட்டால் தறியும் நானும் இங்கேயே இருக்கிறோம். அறையை வேறு யாருக்காவது விட்டுவிடச் சொல்லுங்கள்.

ரேணுகாம்பாள்

*

பழவந்தாங்கல்
19-2-1982

ரேணுகாவுக்கு,

உன் அப்பாவைப் பற்றி நீ எழுதிய பக்கத்தை மட்டும் பலமுறை படித்தேன். விட்டுவிட்டேன். இது என் வாக்கு.

விட்டது பெரிதில்லை. விட்டதை அடுத்தவருக்குப் புரியவைப்பதுதான் பேஜாராகிவிட்டது.

பம்பாய் போகிற சேட் ஒருவர். முழங்காலில் வலி, ஆள் நல்ல கனம். மேலே ஏற்றி உட்காரவைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். ஐந்து ரூபாய் நீட்டினார். "வேணாம் சார்" என்றேன். குறைவு என்று சொல்கிறேன் என நினைத்துப் பத்தாக்கினார். கையெடுத்துக் கும்பிட்டு, "வேணவே வேணாம் சார்" என்றேன். முகம் சிவந்து இருபதை எடுத்தார். சுப்பராயலு என் காதில், "தருமா, இன்னும் ரெண்டு வாட்டி வேணாம்னு சொல்லு. மனுசன் வூட்டுப் பத்திரத்தையே எழுதிக் குடுத்துடுவாரு" என்றான்.

சேட் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார். அதிகாரி ஓடி வந்தார். "காசு கம்மின்னு பாசெஞ்சர்கிட்ட தகராறு பண்ணிகினு இருக்கியா?" என்றார். "இல்ல சார், வேணாம்னுதான் தகராறு" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. சுப்பராயலுதான் முன்னால் வந்து, "இவன் சம்சாரத்துக்குப் பயந்தவன் சார். டிப்ஸ் வாங்கினா அது மெட்ராசுக்கு வரமாட்டேன்னு லெட்டர் போட்டிருக்குது" என்றான். அதிகாரி அதை இந்தியில் சேட்டுக்குச் சொன்னார். சேட் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவரும் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் வீட்டிலும் அப்படித்தானாம்.

அன்றிலிருந்து எனக்கு இங்கே "வேணாம் தருமன்" என்று பெயர். என் பங்கையும் சுப்பராயலுவையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அவன் உன்னை ரொம்ப விசாரித்தான். இந்தக் கோபம் நீண்ட காலம் நிலைக்க வேண்டும் என்று படவேட்டு அம்மனுக்கு வேண்டிக்கொள்கிறானாம்.

தருமன்

*

முள்ளிப்பட்டு
24-2-1982

மாமாவுக்கு,

தறியில் உட்கார்ந்தே படித்துத் தொலைத்தேன். சிரித்த சிரிப்பில் இழை அறுந்துபோய், முடிச்சுப் போட்டு மாளவில்லை. அத்தை "இன்னாடி, பைத்தியமா?" என்றார். படித்துக் காட்டினேன். "அவங்கப்பனும் இப்படித்தான். பொண்ணு பாக்க வந்தப்போ ஸ்வீட் வேணாம்னு சொல்லிட்டு, போற வரைக்கும் தட்டையே பாத்துகினு இருந்தாரு" என்றார்.

டிரான்சிஸ்டரை இறக்கிவிட்டேன். மேலே தூசியே இல்லை. என் சந்தேகம் சரிதான்.

சித்திரைப் பிறப்புக்கு வருகிறேன். கையிலிருக்கும் சேலை முடியட்டும். அந்த அறையில் தறி போட இடம் இருக்குமா? காலை இறக்கி மிதிக்கக் குழி தோண்ட வேண்டும். மெதுவாகச் சொல்லுங்கள், வீட்டுக்காரர் பயந்துவிடப் போகிறார்.

உங்கள் ரேணுகா

*

பழவந்தாங்கல்
8-3-1982

அன்பு ரேணுகாவுக்கு,

வாக்கு மீறிவிட்டேன். வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

நேற்றுக் காலை சிங்கப்பூர் விமானத்துக்கு ஓர் ஆயா. பெயர் இன்னாசியம்மாள். மகள் அங்கே நர்ஸ். பேரக்குழந்தை பிறந்திருக்கிறது, பார்க்கப் போகிறார். விமானம் ஏறுவது இதுதான் முதல் தடவை. முட்டி வீங்கி இருந்தது. நாற்காலியில் உட்காரவும் பயம். கையைப் பிடித்து, இடுப்பில் தாங்கி உட்காரவைத்தேன். நல்ல மெலிந்த உடம்பு, புதுச் சேலை மட்டும் விறைப்பாக இருந்தது.

போகும்போதே, "தம்பி எந்த ஊரு? நம்ம பக்கத்துப் பேச்சா கேக்குது" என்றார்.

"ஆரணி பக்கம், முள்ளிப்பட்டு ஆயா."

"தறிக்காரங்க வூடா?"

"ஆமா ஆயா. நீங்க?"

"சேத்துப்பட்டு. காலனி" என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. நான்தான் குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்டுப் பேச வைத்தேன்.

மேலே உட்காரவைத்ததும் சுருக்குப் பையை அவிழ்த்து, மடித்த ஒரு ரூபாயை நீட்டினார். வழக்கம்போல நான் கையைப் பின்னுக்கு இழுத்து, "வேணாம் ஆயா" என்றேன்.

நீட்டின கை அப்படியே நின்றுவிட்டது. முகம் மாறிப்போயிற்று. கோபம் இல்லை, ரேணுகா. கோபமாக இருந்திருந்தால் தேவலை. பழகிப்போன முகமாக மாறியது. "ஏன் நைனா, எங்க கைக் காசு ஆவாதா?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரைக் கேட்டார், தறிக்காரன் வீடு என்று தெரிந்துகொண்டார், காலனி என்று சொன்னார். அதன் பிறகு நான் கையை இழுத்திருக்கிறேன். அவர் வேறு என்ன நினைப்பார்?

"ஐயோ, அது இல்ல ஆயா" என்றேன். அவர் தணிந்த குரலில், "கயனியில நடவு நட்டுட்டு தண்ணி கேட்டா, கையைக் குவின்னு சொல்லி மேல இருந்து ஊத்துவாங்க. அவங்க விரல் எம்மேல பட்டுடக் கூடாது. நீ என்னைத் தாங்கிப் பிடிச்சி உக்கார வச்ச பாரு, அதுக்குத்தான் குடுத்தேன். கூலின்னு குடுக்கல" என்றார்.

இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன். வாங்கிக் கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். முகம் மலர்ந்து என் நெற்றியில் சிலுவை போட்டார். "எம் பொண்ணு வெள்ளக்காரனுக்கே ஊசி போடுது, தெரியுமா?" என்றார். கீழே வந்து அந்தக் காசில் நானும் சுப்பராயலுவும் டீ குடித்தோம். அவன் ஒன்றும் கேலி பேசவில்லை.

சேட்டிடம் வேண்டாம் என்றபோது எனக்குள் ஒரு மிதப்பு இருந்தது உண்மை. நாலு பேர் கும்பிட்டார்கள், பட்டப்பெயர் வைத்தார்கள். ஆனால் என் வைராக்கியத்துக்காக அந்த ஆயாவின் கையை அந்தரத்தில் நிறுத்த என்னால் முடியவில்லை. இன்னொரு தடவை அப்படி நேர்ந்தாலும் வாங்கத்தான் செய்வேன். உன் அப்பா வெயிலில் கத்தியதை நான் மறக்கவில்லை. இது அதுவல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. உனக்கு எப்படித் தோன்றுகிறதோ அதை எழுது.

தருமன்

*

பழவந்தாங்கல்
22-3-1982

ரேணுகா,

பதில் வரவில்லை. திட்டியாவது ஒரு கார்டு போடு. அறைக்கு முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கட்டுமா, வேண்டாமா?

தருமன்

*

முள்ளிப்பட்டு
27-3-1982

அன்புள்ள மாமாவுக்கு,

முதலில், பயப்படாதீர்கள். அத்தை கிணற்றடியில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். கட்டிலில் உட்கார்ந்து, நான் எழுதுவதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "அவனுக்கு ஜல்தியா எழுதாதே, வேலையப் போட்டுட்டு ஓடி வந்துடுவான்" என்று தடுத்ததும் அவர்தான்.

ஆயாவைப் பற்றிய உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு ரூபாய்க்கு வாக்கை விட்டார் என்று நினைத்தேன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தறிக்குப் போனேன். நெய்ய ஓடவில்லை. அந்தக் கை நின்றுபோனதை நீங்கள் எழுதியிருந்தது கண்ணுக்குள்ளேயே இருந்தது. சமாதானமாக எழுதவும் மனசு வரவில்லை, சண்டையாக எழுதவும் வார்த்தை வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் அத்தை விழுந்தார்.

வீரபாகு அண்ணன் வண்டி பிடித்து வேலூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கேயும் சக்கர நாற்காலி. தள்ள வந்தவர் பெயர் காசியம்மாள், ஐம்பது வயது இருக்கும். அத்தைக்கு வலியைவிட வெட்கம் அதிகம். நாலு பேர் பார்க்க உட்கார்ந்து போவதா என்று தலையைக் குனிந்துகொண்டார். காசியம்மாள் நடந்துகொண்டே, "தலைய நிமித்தும்மா. இந்த வண்டிக்கு லைசென்சு எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ராணி மாதிரி உக்காரு" என்றார். விழுந்ததிலிருந்து முதல் தடவையாக அத்தை சிரித்தார். வாசற்படி வந்தபோது நாற்காலியைத் திருப்பி, காலை ஒரு கையால் ஏந்திப் பிடித்துக்கொண்டு, அலுங்காமல் இறக்கினார். பெற்ற மகள்கூட அப்படிப் பிடிக்க மாட்டாள். நான் பிடித்திருப்பேனா என்பதே சந்தேகம்.

கட்டுப் போட்டு வெளியே கொண்டுவந்து விட்டதும், "பாத்துப் போங்க" என்று சொல்லி அவர் திரும்பினார். என்னால் அப்படியே போக விட முடியவில்லை, மாமா. ஓடிப் போய் நின்றேன். முந்தானையில் முடிந்திருந்த காசை அவிழ்த்தேன். என்ன சொல்லிக் கொடுப்பது என்று தெரியவில்லை. தவறாக எடுத்துக்கொள்வாரோ, குறைவு என்பாரோ, வாங்காமல் போய்விடுவாரோ என்று எனக்கு வியர்த்துவிட்டது. "அக்கா, டீ குடிங்க" என்று மட்டும் வாய்க்கு வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "உன் மாமியாருக்கு முட்டை குடு, எலும்பு சீக்கிரம் கூடும்" என்றார். அவ்வளவுதான். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

வாங்குகிறவர்தான் கூச வேண்டும் என்று நான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். கொடுக்கிறவருக்கு இவ்வளவு கூச்சம் இருக்கும் என்று யார் கண்டார்? அப்பாவை நிற்கவைத்தவருக்கு அந்தக் கூச்சம் இல்லை. அதுதான் வித்தியாசம் என்று தோன்றுகிறது. காசியம்மாள் என் எதிரில் வந்து நிற்கவில்லை, தன் பாட்டில் போனார். நான்தான் பின்னால் ஓடினேன்.

ஆகவே, வாங்கிக்கொள்ளுங்கள். கொடுப்பார்கள் என்று மட்டும் நிற்காதீர்கள். கொடுக்காதவரையும் கொடுத்தவரையும் ஒரே மாதிரி தள்ளுங்கள். சுப்பராயலுவிடம் என் கோபம் தீர்ந்துவிட்டதைப் பக்குவமாகச் சொல்லுங்கள், பாவம்.

அறைக்கு முன்பணம் கொடுத்துவிடுங்கள். சித்திரைப் பிறப்புக்கு வர முடியாது. மாவுக்கட்டுப் பிரித்த பிறகு, சித்திரைக் கடைசியில் வருகிறோம். ஆமாம், வருகிறோம். அத்தை சந்தவாசலுக்குப் போக மாட்டாராம். "மருமவன் வூட்டுல காலை நீட்டிகினு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?" என்கிறார். எனக்கும் அவரை விட்டு வர மனமில்லை. நான் நெய்கிற சேலையைப் பற்றி எட்டாவது முறையாகக் குறை சொல்ல வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு?

கட்டுப் பிரித்தாலும் கொஞ்ச நாளைக்குக் காலை ஊன்றக் கூடாதாம். பாரிமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கி ரயிலடி வரை எப்படிப் போவது என்று யோசித்தேன். "அதுக்குத்தானே அவனை கவர்மெண்டு சம்பளம் குடுத்து வச்சிருக்குது" என்கிறார் அத்தை. கவர்மெண்டு இல்லை, கம்பெனி என்று சொன்னால் கேட்பதில்லை. உங்கள் அதிகாரியிடம் கெஞ்சி ஒரு நாள் நாற்காலியை வாங்கி வர முடியுமா பாருங்கள். முடியாவிட்டால் சுப்பராயலுவோடு வாருங்கள், இரண்டு பேரும் தூக்கிவிடலாம். அத்தை கனம் குறைவு, பேச்சுதான் அதிகம்.

"தள்ளிகினு போனா உங்க புள்ளைக்கு டிப்ஸ் குடுப்பீங்களா அத்தை?" என்று இப்போது கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறார்:

"பத்து மாசம் நான் அவனைச் சொமந்தேன். அந்தக் கூலியே இன்னும் வரல. இவன் எங்கிட்ட டிப்ஸ் கேப்பானாமா? வரச் சொல்லு, பாத்துக்கறேன்."

உங்கள்
ரேணுகா